தலைவரின் குரலில் ஒருவர்

அவர் யாரோடு பேசினாலும் சிறிது நேரத்தில் அவருடைய குரல் எதிரில் இருப்பவருடைய குரலாக மாறத் தொடங்கிவிடும். வேண்டுமென்று செய்வதில்லை. கவுன்சிலிலிருந்து வந்த அதிகாரியோடு பேசினால் அந்த ஆளின் மூக்கடைப்பு இவருக்கும் வந்துவிடும். வானொலி நிலையத்தைக் கூட்டித் துடைக்க வரும் போலந்துப் பெண்ணோடு பேசினால் இவருடைய ஆங்கிலம் போலந்துக்குப் போய்விடும். ஒருநாள் என்னைக் கூட்டிப்போக வந்த அம்மா வாசலில் நின்று அவரோடு கதைத்தார். காரில் ஏறியதும் கேட்டார்:

"உந்த மனிசன் என்னை நக்கலடிக்குதோ?"

"இல்லையம்மா. அவருக்கு அது காய்ச்சல் மாதிரி ஒரு தொற்றுவருத்தம்."

அம்மா நம்பவில்லை.

நான் அப்போது லண்டன் சவுத்தாலில் ஒரு சேலைக்கடைக்கு மேலே இருந்த தமிழ் வானொலியில் ஒலிக் கட்டுப்பாட்டாளராக இருந்தேன். ஒலிப் பொறியியல் படித்து முடித்து, நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த காலம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் மைக்கின் முன்னால் இருப்பார். இந்தப் பக்கம் நானும், ஒலிக்கருவிகளும், நேயர்கள் அழைக்கும்போது மினுங்கும் தொலைபேசி விளக்குகளும்.

எனக்கு எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் நினைவு நிற்கும். அவர் நிகழ்ச்சிக்குக் கொண்டுவருபவை: சுடுதண்ணீர்ப் போத்தல், தோல் சீவிய இஞ்சித் துண்டு, நாலாய் மடித்த சின்னத் துவாய், எனக்கென்று சுருட்டிப் பொரித்த ஒரு ரோல்ஸ். ஒருபோதும் கொண்டுவராதது: எழுதிய குறிப்பு. யாரையாவது பேசிக் காட்டும்போது முதலில் அசைவது அவருடைய வாயல்ல, கை. வங்கி முகாமையாளருக்கு ஒரு கை, ஐயருக்கு ஒரு கை, கலியாண வீட்டில் மணப்பொம்பிளையை அதட்டும் வீடியோக்காரருக்கு ஒரு கை. கை சரியாக வந்துவிட்டால் குரல் தானாக வந்து சேரும் என்பார். "குரல் தொண்டையில இல்லை பிள்ளை. ஆள் கையை என்ன செய்யிறான் எண்டு பார். மிச்சமெல்லாம் அதுக்குப் பின்னால வரும்."

ஜெர்மனியில் சில காலம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். பகலில் பெற்றோல் நிலையத்தில் காசாளர் வேலை. சனி, ஞாயிறுகளில் மேடை. தமிழ்ப் பள்ளிக்கூட ஆண்டு விழா, ஊர்ச் சங்க ஒன்றுகூடல், கலியாண வரவேற்பு எல்லாவற்றிலும் சாப்பாட்டுக்கு முன்னால் அவருடைய அரை மணித்தியாலம் இருக்கும். மண்டபத்தில் ஒருவரைத் தெரிந்தெடுத்து, அவரைப்போலவே நடந்து, அவரைப்போலவே இருமி, அவரைப்போலவே மனைவியைக் கூப்பிட்டுக் காட்டுவார். என் சின்னம்மாவின் கலியாணத்தில் தெரிந்தெடுக்கப்பட்டவர் என் அப்பா. அப்பா எதைச் சொன்னாலும் கடைசியில் "அப்ப சரி" என்று சொல்லி முழங்காலில் தட்டி எழும்புவார். பிறகு போகமாட்டார், திரும்ப இருந்து கதைப்பார். அதைத்தான் அவர் மேடையில் திரும்பத் திரும்பச் செய்தார். அப்பா சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் தங்களைச் செய்யவில்லையே என்று மனத்தாங்கல் பட்டவர்களும் இருந்தார்கள்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. செய்துகாட்டப்படும் ஆள் மண்டபத்தில் இருக்கவேண்டும். முன்வரிசையில் இருந்தால் இன்னும் நல்லது. "ஆளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு செய்யோணும். முகம் கொஞ்சம் இறுகினால் விட்டிடோணும். இல்லாத ஆளைச் செய்தால் அது பகிடியில்லை, புறணி."

வானொலியில் அவருக்கு முதலில் கொடுத்தது ஞாயிறு காலை நகைச்சுவை. அது எடுபடவில்லை. குரல்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் ஒரு பகிடியைச் சொல்லிவிட்டு, மேடையில் சிரிப்புக்காக நிற்பதுபோல் நிற்பார். அந்த இடைவெளியில் ஹெட்போனில் அவருடைய சொந்த மூச்சு மட்டும் கேட்கும். அப்போது கண்ணாடி வழியாக என்னைப் பார்ப்பார். நான் சத்தமாகச் சிரிக்கிற ஆளில்லை.

"ஒரு பல்லையாவது காட்டன் பிள்ளை. உன்னைச் சிரிக்க வைக்கிறதுக்கு விசா எடுக்கோணும் போல."

பிறகு மாலை அரசியல் நிகழ்ச்சி செய்துகொண்டிருந்தவர் வேறு வானொலிக்குப் போய்விட்டார். ஒரு கிழமைக்குச் சமாளிக்கும்படி முதலாளி இவரைக் கேட்டார். போரில் இறந்தவர்களுக்கான நினைவேந்தலை இரண்டு அமைப்புகள், ஒரே நாளில், இரண்டு மண்டபங்களில் நடத்துவதென்று அடிபட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அவர் மைக்கைத் திறந்து வணக்கம் சொல்லிவிட்டு, "ரெண்டு மண்டபத்துக்கும் பிரிச்சுப் பிரிச்சு அழுறதோ, இல்லை ஒண்டில அழுதுபோட்டு மற்றதுக்கு ஓடுறதோ?" என்று கேட்டார். என் முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. நிகழ்ச்சி முடியும்வரை அணையவில்லை.

அன்று அவர் வெளியே வந்து, நான் வைத்திருந்த ரோல்ஸில் பாதியைப் பிய்த்துத் தின்றுகொண்டு சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

"சிரிச்சவன் போன் எடுக்கமாட்டான் பிள்ளை. சிரிச்சுப்போட்டுச் சோறு தின்னப் போயிடுவான். கோவம் வந்தவன்தான் எடுப்பான்."

கிழமை நாள்கள் முழுவதும் மாலை நிகழ்ச்சி அவருக்கே வந்தது. பெற்றோல் நிலையத்தில் பெற்றோல் அடிக்காதவர்களும் வந்து அவரோடு கதைத்துவிட்டுப் போனார்கள். கோயிலில் முன்வரிசை கிடைத்தது. வானொலிக்கு யாரும் பார்க்கமுடியாத கோட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வரத்தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒருவரைத் தெரிந்தெடுத்தார். ஒருநாள் கோயில் அறங்காவலர், ஒருநாள் தேர்தலில் நின்ற தமிழர், ஒருநாள் மற்ற அமைப்பின் பேச்சாளர். அவர்களில் ஒருவர் அழைத்துத் தூஷணத்தால் ஏசினார். அவருக்கு அதில் சந்தோசம்.

"ஆள் மண்டபத்தில இருக்கோணும் எண்டு சொல்லுவீங்கள், அங்கிள்" என்றேன்.

"இப்ப லண்டன் முழுக்க மண்டபந்தான் பிள்ளை. எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கினம்."

"முகம்?"

அவர் துவாயை எடுத்து வாயைத் துடைத்தார்.

தலைவர் எங்களுக்கெல்லாம் தெரிந்தவர். வட லண்டன் எட்மண்டனில் இருந்தார். ஊர்ச் சங்கம் ஒன்றின் தலைவராக நீண்ட காலம் இருந்ததால் பெயரே தலைவர் என்றாகிவிட்டது. பழுத்த வயது. எந்த வசனத்தையும் "அதாவது பாருங்கோ" என்று தொடங்குவார், நடுவில் நிறுத்தி ஒருதரம் எச்சில் விழுங்குவார், பிறகு முடிப்பார். கூட்டங்களில் வந்திருப்பவர்களின் பெயர்களைத் தகப்பன் பெயரோடு வாசித்த பிறகுதான் விடயத்துக்கு வருவார். இரண்டு நினைவேந்தல்களையும் ஒன்றாக்கவேண்டும் என்று இரண்டு பக்கத்துக்கும் போய்க் கேட்டவர் அவர் ஒருவர்தான். அதனால் இரண்டு பக்கத்துக்கும் அவரைப் பிடிக்கவில்லை.

ஒரு மாலைக்கு இவர் தலைவரைத் தெரிந்தெடுத்தார். மைக்கில் செய்யமாட்டேன் என்றார். மைக்கில் செய்தால் நாடகம் போல இருக்கும், தொலைபேசியில் செய்தால்தான் நேயர் அழைப்புப் போல இருக்கும். அவர் சொன்னது சரி. தொலைபேசி குரலின் அடியையும் நுனியையும் வெட்டிவிட்டு நடுவை மட்டும்தான் அனுப்பும். பாவனைக்கும் உண்மைக்கும் இடையில் மிச்சமிருக்கும் சின்ன வித்தியாசமும் அந்த வெட்டில் போய்விடும். படிக்கட்டில் நின்று கைபேசியில் அவர் பேச, நான் பதிவு செய்தேன். கண்ணாடிக் கதவின் ஊடாக அவருடைய இடதுகை தெரிந்தது. தலைவர் செய்வதுபோல, இல்லாத ஒரு தாளை விரலால் நீவிக்கொண்டிருந்தது.

"அதாவது பாருங்கோ தம்பி, நான் இப்ப தூதரகத்துக்குள்ள இருந்துதான் கதைக்கிறன். தேத்தண்ணி தந்தவை. சீனி போடட்டோ எண்டு கேட்டினம். சங்கத்தில வச்சு முடிவெடுப்பம் எண்டு சொன்னனான். பேருகளையும் கேட்டவை. அதாவது பாருங்கோ, எல்லாற்ற பேரையும் குடுத்திட்டன். தகப்பன் பேரோட."

அது பகிடிதான். தலைவரைத் தெரிந்த யாருக்கும் அந்தத் தகப்பன் பெயரில் சிரிப்பு வரும். எனக்கும் வந்தது. ஆனால் இங்கே உள்ள முக்கால்வாசிப் பேருக்கு ஊரில் தாயோ சகோதரமோ இருக்கிறது. ஊர்வலங்களில் நிற்பவர்களின் பெயர்களை இலங்கைத் தூதரகத்துக்குக் கொடுப்பவர் என்று ஒருவரைச் சொல்வதைவிடக் கேவலமாக இந்தச் சனத்துக்குள் எதையும் சொல்லமுடியாது. நடுவில் ஒருதரம் 'இது கற்பனை' என்று சொல்வோமா என்று கேட்டேன்.

"பகிடியை விளங்கப்படுத்தினால் பிறகு அது பகிடியோ? முன்னுக்கு அந்தச் சிரிப்பு மியூசிக்கைப் போட்டுவிடு. காணும்."

போட்டேன். அந்த இசையை யாரோ வெட்டிவிட்டார்கள். தலைவரின் குரல் மட்டும் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியது. எங்கள் நிலையத்தைக் கேட்டிராதவர்களுக்கும் போனது. லண்டனைவிட்டு வெளிநாடுகளுக்கும் போனது. எனக்கே மூன்று உறவினர்கள் அனுப்பினார்கள். என் மாமி அதன் கீழே, 'இவரைக் கண்டால் கதைக்காதே' என்று எழுதியிருந்தார்.

அதற்குப் பிறகு தலைவர் நிலையத்துக்கு அழைத்தார், நிகழ்ச்சி நேரத்துக்கு வெளியே. தொலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டுப் பேசித்தான் எங்கள் அறிவிப்பாளருக்குப் பழக்கம் என்பதால் நானும் அந்த உரையாடலைக் கேட்டேன்.

"தம்பி, எனக்கு உம்மோட கோவமில்லை. அதாவது பாரும், நீர் செய்தது வடிவாத்தான் இருந்தது. என்ர மனிசியும் சிரிச்சவ. ஆனா இப்ப சங்கத்தால என்னை ஒதுங்கியிருக்கச் சொல்லிப்போட்டினம். அது பரவாயில்லை. ரெண்டு நினைவேந்தலுக்கும் வரவேண்டாமாம். மனிசிக்கு நடக்க ஏலாது, உமக்குத் தெரியும். பிள்ளையின்ர படத்துக்கு முன்னால நிக்கிறதுக்கு நான் ஒராள்தான். வருசத்தில ஒருநாள். நீர் ஒருக்கா வடிவா விளங்கப்படுத்தி விட்டீரெண்டால் போதும்."

அவருடைய மகள் போரின் கடைசி மாதங்களில் செல் குண்டு விழுந்து இறந்தவள். படிப்பை முடித்துவிட்டு வாறன் என்று ஊரில் தாய்மாமன் வீட்டில் நின்றவள். உடல் கிடைக்கவில்லை. நினைவேந்தலில் இறந்தவர்களின் படங்களை நீள மேசைகளில் வைப்பார்கள். முதலில் பொதுச் சுடர் ஏற்றப்படும். பிறகு ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் அவர்களுடைய ஆள் நின்று சிறு விளக்கை ஏற்றவேண்டும்.

"செய்யிறன் ஐயா. கட்டாயம் செய்யிறன்" என்றார் அவர். சொல்லும்போதே நடுவில் எச்சில் விழுங்கினார்.

அடுத்த மாலை செய்தார். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பகிடி கலக்காமல், நேராகச் சொன்னார்: "அந்தக் குரல் என்ர. தலைவர் ஐயா எந்தத் தூதரகத்துக்கும் போகேல்லை." விளக்குகள் எரிந்தன. முதலாவது அழைப்பு ஹரோவிலிருந்து ஒரு ஆண்.

"அண்ணை, விளங்குது. உங்களை வெருட்டிப் போட்டாங்கள். நீங்க ஒண்டும் சொல்லவேண்டாம்."

"என்னை ஒருத்தரும் வெருட்டேல்லை. நான்தான் செய்தது."

"ஓமோம். அப்பிடித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்கள்."

அவருக்கு வியர்த்தது. நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அந்த வசனங்களையே அந்த இடத்தில் மைக்கில் பேசினார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன், அதற்குள் தொடங்கிவிட்டார். மைக்கில் அது வேறாகத்தான் கேட்கும். கேட்டது. இரண்டாவதாக எடுத்த பெண் பொறுமையாக, பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "நீங்க இப்ப செய்தது நல்லாத்தான் இருந்தது அண்ணை. ஆனா முந்தினது ஒறிஜினல். ஆருக்கும் தெரியும்."

நினைவேந்தலுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, நிகழ்ச்சியின் நடுவில் தலைவரே அழைத்தார். எண்ணைப் பார்த்தேன், குரலைக் கேட்டேன், அவரிடம் கண்ணாடி வழியாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். இணைத்தேன்.

"வணக்கம். அதாவது பாருங்கோ, நான் எட்மண்டனில இருந்து கதைக்கிறன். நான்தான் அந்த ஆள். நான் ஒருதற்ற பேரையும் குடுக்கேல்லை. எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்ர பிள்ளைக்கு முன்னால ஒரு விளக்கு வைக்கோணும். வேற ஒண்டும் வேண்டாம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான்."

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. வழக்கம்போல அடுத்தவரை இணைக்கும்படி அவர் கையைக் காட்டினார். தலைவருக்கு ஆதரவாக யாராவது பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். தலைவரும் இணைப்பில்தான் இருந்தார். வந்தது ஒரு பெண். சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

"அண்ணை, இண்டைக்குத் திறம். அந்த எச்சில் விழுங்கினது. இவர் சோபாவில இருந்து விழுந்திட்டார்."

அடுத்தது ஒரு இளைஞன். "அங்கிள், போன கிழமை மைக்கில சரிவரேல்லை. இண்டைக்குத்தான் அச்சொட்டாத் தலைவர்."

அந்த நிலையத்தில் நான் இருந்த காலம் முழுவதிலும் சிரிப்பதற்காக ஆட்கள் அழைத்தது அந்த ஒரு மாலைதான். அவருடைய முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேடையில் சிரிப்பு எழும்பும்போது வரும் ஒரு வெளிச்சம் அதில் வந்தது. வந்ததும் அவருக்கே தெரிந்திருக்கவேண்டும். இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மைக்கின் அருகில் குனிந்தார். இடதுகை மேசையில், இல்லாத தாளை நீவத் தொடங்கியிருந்தது.

"ஐயா," என்றார். "அதாவது பாருங்கோ..."

அது தலைவரின் குரல். எச்சில் விழுங்கியதும் தலைவரின் இடத்தில்தான். அவர் மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அவ்வளவு நேரமும் அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்த தொண்டையால் வேறு குரலை எடுக்க முடியவில்லை. சட்டென்று வாயைப் பொத்தினார். இணைப்பில் ஒரு மூச்சு கேட்டது. பிறகு தலைவர் வைத்துவிட்டார். நான் பாட்டைப் போட்டேன்.

பாட்டு ஓடும்போதே அவர் வெளியே வந்து, பிள்ளையின் படம் வைக்கப்படும் நினைவேந்தலின் ஒழுங்கமைப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தார். கெஞ்சினார். மற்றப் பக்கத்தில் இருந்தவர் கடுமையானவர் இல்லை.

"அண்ணை, நீங்க சொல்லுறதை நான் நம்புறன். ஆனா சனம் நம்பாது. அவரைக் கண்டால் அங்க அடிபாடு வரும். செத்த ஆக்களுக்கு முன்னால அடிபடுறதே? அடுத்த வருசம் பாப்பம். பிள்ளையின்ர படம் இருக்கும். அதுக்கு முன்னால ஆரையாவது நிப்பாட்டுவம்."

அவர் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். பிறகு, "அப்ப நான் நிக்கிறன்" என்றார்.

"வேண்டாம் அங்கிள்" என்றேன்.

"வேற என்ன செய்ய ஏலும் பிள்ளை? படம் தனிய இருக்கேலாது."

ஞாயிறு மண்டபத்தில் ஒலி அமைப்பு என்னுடைய பொறுப்பு. என் மேசை பின்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. வெளியே தூறல். பொதுச் சுடர் ஏற்றி, எல்லோரும் படங்களுக்கு முன்னால் நின்ற நேரத்தில் அவரும் நின்றார். கோட் போடவில்லை. வெள்ளைச் சேட்டு. படத்தில் அந்தப் பெண் பாடசாலைச் சீருடையில் இருந்தாள். விளக்கை ஏற்றிவிட்டுக் கைகளைப் பக்கவாட்டில் இறுக்கி வைத்துக்கொண்டார்.

தலைவர் பின்கதவால் வந்தார். மழையில் நனையாமல் இருக்க ஒரு கடைப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். கதவில் நின்ற தொண்டர் என் வயதுக்காரர்தான். மரியாதையாகத்தான் மறித்தார்.

"ஐயா, இந்தமுறை வேண்டாமய்யா. தயவுசெய்து."

"நான் ஒருதரோடும் கதைக்கமாட்டன் தம்பி. வச்சிட்டுப் போயிடுவன்."

"இல்லையய்யா. நீங்க யோசிக்காதேங்கோ. பிள்ளைக்கு முன்னால ஆள் நிக்குது. விளக்கும் ஏத்தியாச்சு."

"ஆர்?"

அந்தத் தொண்டர் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு யாரென்று சொன்னார். "ரேடியோ அண்ணை."

தலைவர் தொண்டரின் தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தார். அங்கிருந்து படம் தெரியாது. வெள்ளைச் சேட்டின் முதுகு மட்டும்தான் தெரியும். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடமோ தொண்டரிடமோ தெரியாது, மெல்லக் கேட்டார்:

"அவருக்கு அவளின்ர பேராவது தெரியுமோ?"